ஏகாதசித் தட்டு

ஜவ்வரிசி ஏதோ செடியில் முத்து முத்தாகக் காய்க்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய வேடிக்கை, வருடம் முழுக்க ஜவ்வரிசி ஆலையிலேயே கிடந்த எனக்கு, அதை யார் தின்கிறார்கள், எதற்காகத் தின்கிறார்கள் என்று தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சந்தித்த அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக்கொள்ளாது. வாயால் சொல்வதென்றால் எழுந்து நடந்துகொண்டேதான் சொல்வேன். எழுதுவதற்காகக் கஷ்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமானபோது, மல்லூரைத் தாண்டி ராசிபுரம் போகும் சாலையில் என் வீட்டுக்காரருக்கு இருந்தது கொஞ்சம் மேட்டுக்காடும் நிறைய ஆசையும்தான். மரவள்ளியை எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம். அப்போது சுற்றுவட்டாரமெல்லாம் குச்சிக்கிழங்கு போட்டார்கள், ஊருக்கு ஊர் ஜவ்வரிசி ஆலை முளைத்தது. நாங்களும் ஒன்று போட்டோம். பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து மாட்டுவண்டியிலும் லாரியிலும் கிழங்கு வந்து குவியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோல் சீவுவார்கள். அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் தெளியவிட்டால், அடியில் வெண்ணெய் மாதிரி மாவு தங்கும். அந்த ஈரமாவை உதிர்த்துத் துணித்தொட்டிலில் போட்டு இரண்டு ஆட்கள் குலுக்கக் குலுக்க, மணி மணியாக உருண்டு வரும். அதைச் சூட்டில் வறுத்துக் களத்தில் கொட்டி வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி.

களம் என்னுடைய ராஜ்யம். காயப்போட்ட மணியை எப்போது கிளறுவது, எப்போது அள்ளுவது, மேற்கே மேகம் கறுத்தால் யார் யார் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடுவது, எல்லாம் என் வாய்ச்சொல்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் அப்படித்தான், பாலைப் போலப் பொங்கும், தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். தண்ணீர் தெளிக்கத்தான் வீட்டில் ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர்மாறு. அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கு இருந்த ஒரே பித்து விருந்தாளி. வாசலுக்கு வந்தவர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனால்கூட, அவர் முகம் இரண்டு நாளைக்குச் சரியாக இருக்காது. லாரி டிரைவரோ வரி கேட்க வந்தவரோ, இலை போட்டுச் சோறு போட்ட பிறகுதான் பேச்சு. அந்தப் பித்தைப் பற்றி நான் எவ்வளவோ முணுமுணுத்திருக்கிறேன். அதுதான் ஒருநாள் எங்களைக் காப்பாற்றப்போகிறது என்று அப்போது தெரியாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருந்த தரகர் ஒருவர்தான் எங்கள் சரக்கை வடக்கே அனுப்புவார். எங்களில் யாருக்கும் இந்தி வராது, அவருக்கு நன்றாக வரும். அதனால் பம்பாயிலிருந்து எந்தச் சேதி வந்தாலும் அவர் வாய் வழியாகத்தான் வரும். அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், தரகர் என்று சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் கடன் வாங்கிப் புதுசாக சிமெண்டுக் களம் ஒன்று போட்டிருந்த சமயம், தரகர் வந்து உட்கார்ந்தார். மோர் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"பம்பாய் சேட்டுக்கு வெல கட்டுபடியாகலீங்களாம். மக்காச்சோள மாவு கலந்து அடிச்சுக் குடுக்கச் சொல்றாருங்க. வெலயும் எறங்கும், சரக்கும் வெளேர்னு வரும். இப்ப அக்கம்பக்கத்துல அப்படித்தான் ஓட்டறாங்க."

என் வீட்டுக்காரர் தயங்கினார். "சேட்டுக்குத் தெரிஞ்சேவா?"

"அவரு வாயாலயே சொன்னதுங்க. தெரியாமப் பண்ணுனாத்தானுங்களே தப்பு?"

எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் அந்த பம்பாய் வியாபாரிதான் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையை விரித்தால் கிடங்கில் மூட்டை நின்றுபோகும், களத்துக் கடன் கழுத்தைப் பிடிக்கும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும், தரகர் வாசலைத் தாண்டியதுமே பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கலப்படம்னா கலப்படந்தானுங்க. அதுல நல்ல கலப்படம், கெட்ட கலப்படம்னு இருக்குதா?"

"ஏம்புள்ள, மக்காச்சோளம் என்ன வெசமா? நீயும் நானும் சுட்டுத் தின்னு வளந்ததுதான? வாங்கறவனே கேட்டு வாங்கறான். நாம மறைக்கல, பொய் சொல்லல. இதுல ஆரை ஏமாத்தறோம்? ஒரு ஆளக் காட்டு, நான் உட்டுடறேன்."

என்னால் காட்ட முடியவில்லை. வாய் நீளமுள்ளவளுக்குப் பதில் கிடைக்காமல் போவது மாதிரி ஒரு தண்டனை உலகத்தில் இல்லை. எங்கேயோ தப்பு இருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எங்கே என்று கேட்டால் கை காட்டத் தெரியவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. அவர் ஏன் என்று கேட்காமல் குடித்துவிட்டு எழுந்துபோனார். அதுவும் எனக்குக் கோபம்தான்.

மக்காச்சோள மாவு மூட்டைகள் வந்து இறங்கின. மாதிரிக்குக் கொஞ்சம் கலந்து அடித்து, ஒரு வெள்ளைத் துணிப்பையில் போட்டு ஆபீஸ் அறையில் வைத்தார்கள். சேட்டு பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் மொத்த லோடும் அப்படியே ஓட்டுவதாகப் பேச்சு. பை திறந்திருந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, மல்லிகை மாதிரி இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற உலகத்தில் அதற்கு என்ன குறை?

அதைப் பார்க்கத்தான் பம்பாய் வியாபாரியே நேரில் வந்தார். மனைவியோடு ராமேஸ்வரம் போகும் வழி. சேலத்தில் ரயிலை விட்டிறங்கி, தரகரோடு ஒரு வாடகைக் காரில் காலையிலேயே வந்துவிட்டார்கள். வடக்கேயிருந்து வியாபாரி ஒருவர் எங்கள் வாசல் மிதிப்பது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிவதற்குள் எழுப்பி என்னை இட்லி, பொங்கல், வடை, கேசரி என்று எல்லாம் செய்யவைத்துவிட்டார். பின்கட்டில் ஆலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் எனக்கு ஒத்தாசையாக இருந்தார்.

அந்த அம்மா காரிலிருந்து இறங்கினார். எனக்கு மூத்தவர், நல்ல சிவப்பு, நெற்றியில் பெரிய குங்குமம், எங்களைப் போலில்லாமல் பின்பக்கம் கச்சம் வைத்துக் கட்டிய புடவை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் நானும் சிரித்தேன். முதல் பார்வையிலேயே பிடித்துப்போகிற முகம்.

முன்னறையில் ஆண்களுக்கு இலை போட்டோம். வியாபாரி இட்லியைக் கண்டதும் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு உள்ளே இலை போட்டேன். அவர் உட்காரவில்லை. இட்லிக்குக் கையை ஆட்டினார். பொங்கலுக்கும் ஆட்டினார். வடை, கேசரி, எதையும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் கதவோரம் வந்து பார்த்துவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் சண்டை என்று கேள்விப்பட்ட அப்பன் மாதிரி நின்றார்.

"என்னுங்க இது, அந்தம்மா ஒரு வாய் தொடல?" என்று தரகரிடம் கேட்டார்.

தரகர் வாயில் வடையோடு சொன்னார்: "இன்னிக்கு ஏகாதசிங்க. அவங்கள்ல பொம்பளைங்க ரொம்பக் கட்டுத்திட்டம். அரிசி, கோதுமை, சோளம், கம்பு, தானியம்னு பேர் இருக்கற எதையும் தொடமாட்டாங்க. உப்புக்கூட அவங்க கையோட கொண்டாந்திருப்பாங்க. ஜவ்வரிசி இருந்தாக் குடுங்க, அதத் திம்பாங்க."

"ஜவ்வரிசியா?" என்றேன் நான்.

"ஆமாங்க அம்மணி. அது கெழங்கு பாருங்க, தானியத்துல சேராது. அங்க விரதம்னாலே ஜவ்வரிசிதான். அதுக்குத்தானுங்களே லாரி லாரியாப் போகுது."

அடடா! எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துப்போனது. இத்தனை வருடமாக மூட்டை மூட்டையாக வடக்கே போகிறதே, இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்று களத்தில் நாங்கள் பந்தயம் கட்டாத குறை. துணிக்குக் கஞ்சி போடுகிறார்கள் என்பாள் ஒருத்தி, சுவரொட்டிப் பசை காய்ச்சுகிறார்கள் என்பாள் இன்னொருத்தி. கடைசியில் விரதச் சாப்பாடு! கிருத்திகைக்கு நானும் விரதம் இருப்பவள். சாயங்காலம் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு வாயில் வைக்கிற அந்த முதல் கவளத்தின் ருசி எனக்குத் தெரியும். அந்தக் கவளத்தைத்தான் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு நாங்கள் செய்து அனுப்பிக்கொண்டிருந்தோமா? அந்த நிமிஷமே களத்துக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் கத்திச் சொல்லவேண்டும் போலிருந்தது.

சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வந்தது. சோளம் ஆகாது. தானியம் எதுவும் ஆகாது. அப்படியானால் மக்காச்சோளம்? ஒரு ஆளைக் காட்டு என்றாரே, இதோ நிற்கிறார் ஆள், என் அடுப்படியில், பசியோடு! கிடைத்துவிட்டது பதில். விருந்தாளிகள் காரேறட்டும், இவரைப் பிடித்து உட்காரவைத்து ஒரு பாட்டம் கேட்டுவிட வேண்டும் என்று முடிந்துவைத்துக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் வீட்டில் ஒரு பிடி ஜவ்வரிசி கிடையாது. ஆலைக்காரன் வீட்டில்! பொங்கலுக்கு ஒரு பாயசம் வைப்பதோடு சரி. அக்காவைக் கிடங்குக்கு அனுப்பி, போன வாரத்து மூட்டையிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். அவர் கொண்டுவந்து, கழுவி ஊறப்போட்டு, மூடியும் வைத்துவிட்டார்.

அது ஊறுகிற வரைக்கும் அந்த அம்மாவை ஆலைக்குள் கூட்டிப்போனேன். வழியில் ஒரு செடியைக் காட்டி, இப்படியா காய்க்கும் என்று அவர் சைகையில் கேட்டபோதுதான் தெரிந்தது, ஜவ்வரிசி செடியில் காய்ப்பது என்று அவர் நினைத்திருந்தது. கிழங்குக் குவியலைக் காட்டி, அதிலிருந்துதான் என்று சைகையில் சொன்னேன். அவர் நம்பவில்லை. அரைக்கிற இடம், பால் தெளிகிற தொட்டி, துணித்தொட்டில் எல்லாம் காட்டினேன். இரண்டு ஆட்கள் குலுக்கக் குலுக்க ஈரமாவு மணியாக உருள்வதைப் பார்த்ததும் அவர் குழந்தை மாதிரி கையைத் தட்டினார். தானும் குலுக்கிப் பார்க்கவேண்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. வேலை செய்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒரே ஆலையில் பிறந்து வளர்ந்த அக்கா தங்கை மாதிரி அடுப்படிக்குத் திரும்பி வந்தோம்.

சமையலை அவரே செய்வதாகச் சைகை காட்டினார். வறுத்த நிலக்கடலையை இடித்துக் கொடுத்தேன். நெய், சீரகம், பச்சைமிளகாய் எல்லாம் எடுத்துவைத்தேன். மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் உப்பை எடுத்துப் போட்டார். ஊறிய ஜவ்வரிசியைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தார். வாசனை தூக்கியது. ஜவ்வரிசியில் இப்படியொரு பண்டம் செய்யலாம் என்றே எனக்குத் தெரியாது. நானும் பக்கத்தில் குந்திக்கொண்டு வாய் பார்த்தேன்.

அவர் கிளறினார், நின்று பார்த்தார், மறுபடி கிளறினார். புருவம் சுருங்கியது. தீயைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

குச்சிக்கிழங்கு ஜவ்வரிசி வெந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பாயசத்தில் பார்த்திருப்பீர்கள். இது ஆகவில்லை. சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாகவே கிடந்தது.

பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தேன். "அக்கா, எந்த மூட்டையில எடுத்தீங்க?"

"நான் மூட்டைக்குத்தான் போனனுங்க. மொதலாளி பாத்துட்டு, விருந்தாளிக்குப் பழசையா குடுப்பாங்க, வெளேர்னு இருக்கறதக் குடுன்னு ஆபீசுல வெள்ளப் பையிலருந்து அவரே அள்ளிப் போட்டாருங்க."

ஐயோ! அவருடைய விருந்துப் பித்து! இருப்பதிலேயே சிறந்ததைக் கொடுக்கிறேன் என்று, பார்வைக்கு வெளுப்பாக இருந்ததை மனசாரக் கொடுத்திருக்கிறார். ஏகாதசி என்று கேட்டாரே தவிர, மக்காச்சோளமும் தானியம் என்பது அவர் மண்டைக்கு எட்டவேயில்லை.

அந்த அம்மா அதற்குள் இறக்கித் தட்டில் போட்டுவிட்டார். ஒரு துளி எடுத்து ஓரமாகச் சாமிக்கு வைத்தார். கண்ணை மூடிக் கை கூப்பினார்.

நான் என்ன பாடு பட்டேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். இப்போது வாயைத் திறந்தால் பேரம் போச்சு. களத்துக் கடன் அடைபடாமல் நிற்கும். கட்டிய புருஷனை வந்தவர்கள் நடுவில் தலைகுனிய வைத்தவள் என்ற பேர் வேறு. பேசாமல் இருந்தால் ஒன்றுமே ஆகாது, இந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் தின்றால் சாமி குத்தம் இல்லை என்றுகூட ஒரு மனசு நியாயம் பேசியது. ஆனால் எனக்குத் தெரியுமே! அவர் கண்ணை மூடிக்கொண்டு யாரை நம்பி நிற்கிறார்? மேலே இருக்கிற சாமியை மட்டுமா? மணியை உருட்டிக் காயவைத்த என்னையும் சேர்த்துத்தானே?

கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனார்.

"சாமீ! வாயில வெக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் முன்னறையில் பேச்சு நின்றது. அவர் கை பாதியில் நின்றது. தரகர்தான் முதலில் கதவுக்கு வந்தார். அவர் பின்னாலேயே என் வீட்டுக்காரர், இட்லிக் கையோடு வியாபாரி.

"இதுல மக்காச்சோளம் கலந்திருக்குதுங்க. அந்தம்மாகிட்டச் சொல்லுங்க" என்றேன் தரகரிடம்.

தரகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, இளித்துக்கொண்டே இந்தியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா அப்பாடா என்று சிரித்தார். பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கவளத்தை எடுத்தார். மிளகாய் அதிகமாகிவிட்டது, காரம் என்று பயப்படுகிறாள் என்று சொல்லியிருக்கிறார் மனுஷன்! இது பின்னால்தான் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே, சொல்லவேண்டியதை இவர் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணெதிரே பார்த்தது அன்றைக்குத்தான். பொங்கியது பாருங்கள் எனக்கு! ஒரு கையால் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அடுப்புக்கு மேலே, புகை படட்டும் என்று விதைக்காக மக்காச்சோளக் கதிர்களைத் தோகையோடு முடிந்து தொங்கவிட்டிருந்தோம். எட்டி ஒரு கதிரைப் பிடுங்கினேன். அதை அந்தத் தட்டில், ஜவ்வரிசிக்கு நடுவில் வைத்தேன்.

அந்த அம்மா கதிரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மக்கா?" என்றார்.

அவர்கள் பாஷையிலும் அதற்கு அதுதான் பேர் போலிருக்கிறது. நான் கதிரைத் தொட்டேன், ஜவ்வரிசியைத் தொட்டேன், இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினேன். கையிலிருந்த கவளத்தை அவர் தட்டிலேயே போட்டுவிட்டார்.

அந்த நிமிஷம் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. நேராகத் தன் புருஷனைப் பார்த்தார். அதட்டவில்லை, அழவில்லை. மெதுவாக ஒன்று கேட்டார். பாஷை தெரியாவிட்டால் என்ன, அந்தக் கேள்வி எந்த ஊர் அடுப்படியிலும் ஒன்றுதான். உங்களுக்கு இது தெரியுமா?

வியாபாரி நினைத்திருந்தால் எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று கத்தியிருக்கலாம். எப்படிக் கத்துவார்? கேட்டதே அவர். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். அந்த அம்மா இன்னொரு தடவை கேட்டார். வியாபாரி தன் கையிலிருந்த இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது என்று தெரிந்ததும் அந்த அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவினார். நானும் கூடவே போய்த் தண்ணீர் ஊற்றினேன்.

அவரைப் பட்டினியாக அனுப்ப எனக்கு மனசு வருமா? புதுசாக ஜவ்வரிசி ஊறப்போட நேரமில்லை. குவியலுக்கு ஓடினேன். அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருந்த கிழங்கில் நல்லதாக நாலைந்து பொறுக்கி எடுத்து வந்து, அவர் கண்ணெதிரே தோல் சீவி, நறுக்கி, வேகவைத்தேன். கிழங்கில் யார் என்ன கலக்க முடியும்? அவருடைய உப்பைத் தூவி, நெய் ஊற்றி, கடலைப்பொடி போட்டுக் கொடுத்தேன். சுடச்சுட ஊதி ஊதிச் சாப்பிட்டார். என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் தட்டிலிருந்தே எடுத்து எனக்கும் கொடுத்தார். நான் பிறந்ததிலிருந்து தின்ற கிழங்குதான், அன்றைக்குப் புதுசாக இருந்தது. புறப்படும்போது என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கார் கிளம்பவில்லை. வியாபாரி வண்டிக்குள் உட்கார்ந்தபடியே தரகரின் காதில் ஏதோ சொன்னார். தரகர் இறங்கி வந்து என் வீட்டுக்காரரை வேப்பமரத்தடிக்கு ஒதுக்கினார். நான் நிலைக்கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன். நான் தட்டில் கதிரை வைத்ததிலிருந்து என் வீட்டுக்காரர் என் பக்கமே திரும்பவில்லை. என் மேல் எவ்வளவு கோபமோ, இந்த ஆலை இனி என்ன ஆகுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

தரகர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. பொம்பளைங்க சமாச்சாரம், சேட்டு சமாளிச்சுக்குவாரு. அவரு ஊட்டுக்குன்னு தனியா நல்ல சரக்கு ஒரு மூட்டை கட்டி வெச்சுடுங்க. மத்த லோடு பேசுனபடியே ஓட்டிக்கலாம்ங்கறாரு. உங்க களத்துக் கடனும் தீந்துரும்."

என் வீட்டுக்காரர் காரில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு சொன்னார், அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை:

"ஏனுங்க, இன்னிக்கு எங்க ஊட்டுக்காரி பக்கத்துல நின்னா, கையப் புடிச்சா. லோடு போய் எறங்கற ஊர்ல இந்தம்மா மாதிரி எத்தன பேரு கண்ண மூடிக் கும்பிட்டுட்டுத் தட்டுல கை வெப்பாங்க? அங்கெல்லாம் ஆரு போயி கையப் புடிக்கறது? வேண்டாம்ங்க. மாவு கலந்த சரக்கு இந்த ஆலையில ஓடாது."

"வெல படியாதுங்களே..."

"படியாட்டிப் போகுது. விருந்தாளி ஊட்டுக்குள்ள வந்து தின்னாத்தான் விருந்தாளிங்களா? அங்க ஒக்காந்து தின்னாலும் நான் போட்ட சோறுதானுங்களே."

கதவுக்குப் பின்னால் எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். நான் ஒரு பாட்டம் கேட்பதற்கு முடிந்துவைத்திருந்தேனே, அதில் ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை!

கார் போய்விட்டது. அந்த வியாபாரியும் அதோடு போய்விட்டார், வேறு ஆலையில் எடுத்துக்கொண்டார் என்று கேள்வி. அந்த வருடம் எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. கிடங்கில் மூட்டை நின்றது, மேட்டுக்காட்டு நிலத்தில் ஒரு துண்டை ஈடு வைத்தோம், சின்னச் சின்ன வியாபாரிகளாகத் தேடிப்பிடித்துச் சரக்கை நகர்த்தினோம். மக்காச்சோள மாவு முழுக்க மாடுகளுக்குப் போனது. அவை மினுமினுவென்று கொழுத்து நின்றன, ஏகாதசிக்குக்கூட விடவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்தி சாய்கிற நேரம், இவர் கிடங்குக்குப் போய்ப் போன வாரத்து மூட்டையிலிருந்து ஒரு படி ஜவ்வரிசி அள்ளிக்கொண்டு வந்தார். அடுப்படியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தம்மா கிண்டுனாங்களே, அதாட்டம் செஞ்சு குடு புள்ள" என்றார்.

மறுநாள் காலையில் செய்தேன். கடலை இடித்துப் போட்டு, நெய் விட்டுக் கிளறக் கிளற, மணி ஒவ்வொன்றும் கண்ணாடியாகத் திரண்டு வந்தது. அவர் தட்டை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். ஒரு மணியை விரல் நுனியில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்புள்ள, இத்தன வருசமா இத வித்துக்கிட்டு இருக்கறமே, ஒரு நாளாச்சும் பசிக்கு ஒக்காந்து தின்னு பாத்தமா?"